கோமுவுக்குத் தெரிய வேண்டாதவை

ஜனவரி 5, திங்கள்

இன்று தொடங்குகிறேன். மூட்டு, எலும்பு நோய் நிபுணர் ஒருவரிடம் 28ஆம் தேதிக்கு நேரம் வாங்கித் தந்திருக்கிறார் கீழ்வீட்டு எஸ்தர் டீச்சர். அதுவரை வலியைத் தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். வானிலை நோக்ககத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் எழுதினேன். ஆனால் அங்கே எழுதியது மழையையும் காற்றையும் வெயிலையும். என்னைப் பற்றி எழுதியதில்லை. சரியாக வருமா என்று தெரியவில்லை. ஆகவே முதலில் ஓர் ஒழுங்கு செய்துகொள்கிறேன்.

1. வலி எங்கே, எப்போது, எவ்வளவு.
2. இதுவரை பார்த்த வைத்தியமும் அதன் பயனும்.
3. நிபுணரிடம் கேட்க வேண்டியவை.
4. நிபுணர் சொல்லும் முடிவு.
5. முடிவு நான் நினைப்பதாகவே இருந்தால், கோமுவுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு.
6. மேற்கண்ட எதுவும் கோமுவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஆறாவது தலைப்பு அல்ல, குறிப்புதான். எண் கொடுத்துவிட்டேன், இருக்கட்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

வலிக்கு என்ன அளவுகோல் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். மேகத்தை அளக்க வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதுவோம். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

8.30: இடுப்பும் கீழ் முதுகும் எட்டில் ஐந்து. தொடை இடுக்கு நான்கு. வலப்பக்க விலா மூன்று.
5.30: இடுப்பு ஐந்து. மற்றவை அப்படியே.

காலையில் திரைகளைச் சரிபார்த்தேன். கூடம், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் கனத்த திரைதான். மேற்கு ஜன்னலில் மட்டும் இரண்டு விரற்கடை இடைவெளி விழுந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஊக்கு குத்தி மூடினேன்.

கோமு என் மனைவி. வயது அறுபத்தெட்டு. கண் அழுத்த நோயில் இடக்கண் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்த வலக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். நான் எழுதுவதை அவளால் படிக்க முடியாது. அது எனக்கு வசதி என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

இடுப்பு ஐந்து. விலா நான்கு (இருமினேன்).

எழுதிக்கொண்டிருந்தபோது கோமு கேட்டாள்.

"என்ன எழுதுதிய?"

"மளிகைச் சீட்டு."

"நேத்தும் அதைத்தான எழுதினிய?"

"விட்டுப்போனது இருந்தது."

"கல்யாண வீட்டுக்கா சாமான் வாங்கப்போறோம்?"

மைப்பேனாவை வைத்துவிட்டுப் பந்துமுனைப் பேனாவுக்கு மாறியிருக்கிறேன். இதில் சத்தம் குறைவு.

ஜனவரி 10, சனி

எண் 2. முதல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொல்லி இடுப்புக்குப் பட்டை கொடுத்தார். பட்டை கட்டினால் விலா வலித்தது. அவிழ்த்தால் இடுப்பு வலித்தது. இரண்டாமவர் வலி மாத்திரையும், அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். இரண்டாவது மாத்திரை மட்டும் வேலை செய்தது. மூன்றாவது ஓர் எண்ணெய். அதன் மணம் வீடு முழுவதும் நின்றது. அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்ததாகக் கோமுவிடம் சொன்னேன். "நல்லதா அடிங்க, அலமாரி பாவம், ராத்திரி எல்லாம் முனங்குது" என்றாள். அலமாரிக் கதவு கிறீச்சிடுவதைச் சொல்கிறாள். கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்.

ஆண்டுதோறும் பரணிலிருந்து வெண்கலப் பானையை நான்தான் இறக்குவேன். எப்படி இறக்குவது என்று நான்கு நாட்களாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அவளாகவே சொல்லிவிட்டாள்: "இந்த வருசம் குக்கர்ல வைப்போம். வெங்கல வாசம் எனக்கு ஆக மாட்டேங்குது." நாற்பத்திரண்டு ஆண்டுகளில் இப்படிச் சொன்னதில்லை. வயதானால் மூக்கின் ருசியும் மாறும்போல. எனக்கு ஆறுதலாகப் போயிற்று.

பொங்கலைச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். மாடி முகப்புக் கதவைத் திறந்தால் கூடத்தில் வெளிச்சம் விழும். ஆகவே கிழக்குத் திரையின் பக்கமாகக் காட்டினேன். கோமு கைகூப்பி நின்றாள். "எங்க காட்டுதிய?" என்று கேட்டாள். "கிழக்க" என்றேன். திசை சரிதான்.

இடுப்பு ஆறு.

ஜனவரி 18, ஞாயிறு

அரிசி டின்னைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்திருக்கிறாள். உளுந்து, பருப்பு எல்லாமே மேலே வந்துவிட்டன. கண் தெரியாத நேரத்தில் எதற்காக இடம் மாற்றுகிறாய் என்று கொஞ்சம் சத்தம் போட்டேன். "எனக்குக் குனிய முடியல" என்றாள். நேற்று கட்டிலுக்கு அடியில் விழுந்த தைலச் சீசாவைக் குனிந்து எடுத்தவள் அவள்தான்.

மாலையில் வழக்கம்போல் செய்தித்தாள் வாசித்தேன். சாய்வு நாற்காலி வேண்டாம், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து வாசியுங்கள், குரல் தெளிவாகக் கேட்கிறது என்கிறாள். அந்த நாற்காலி உயரமானது, எழுந்திருப்பது எளிது. அவள் கேட்டது எனக்கும் தோதாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

எண் 4 பற்றி நான் நினைப்பதை ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும்.

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதுகு, பிறகு விலா. வாயு என்றார்கள், தேய்மானம் என்றார்கள். கடைசியில் எலும்பில் புற்றுநோய். தெரிந்த பிறகு ஐந்து மாதம். எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வலித்த இடங்களையும் எனக்கு வலிக்கும் இடங்களையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். ஏழில் ஆறு ஒத்துப்போகின்றன. தாளைக் கிழித்துவிட்டேன்.

எனக்கு ஆவது ஆகட்டும். சொட்டு மருந்து மூன்று வேளை யார் விடுவார்கள்? மாத்திரையின் நிறம் மாறினால் யார் கவனிப்பார்கள்? புனேயில் இருக்கும் மகள் வடிவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் வீட்டுல குளியலறை வழுக்குமா?" என்று கேட்டேன். "ஏன்ப்பா?" என்றாள். "சும்மாத்தான்" என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நாளை காலை 10.30. ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகிறேன் என்று கோமுவிடம் சொல்லியிருக்கிறேன். எஸ்தர் டீச்சர் வந்து அவளுடன் இருப்பார். வலிக் கணக்கை மட்டும் தனித்தாளில் பெயர்த்து எழுதினேன். எண் 3: கேள்விகள் பதினான்கு.

இடுப்பு ஆறு. பயமும் சேர்ந்திருக்கலாம், கருவியில் கோளாறு.

ஜனவரி 28, புதன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குப் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், கோமு வெளியே போகும் சேலையில், கறுப்புக் கண்ணாடி போட்டு, செருப்பும் மாட்டி நிற்கிறாள். பக்கத்தில் எஸ்தர் டீச்சர். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; விசில் ஊதிப் பழகிய குரல்.

"அண்ணாச்சி, நான் வாயத் தொறக்கல. பைபிள் மேல சத்தியம்."

"அவ சொல்லல," என்றாள் கோமு. "பை சொல்லிச்சு. எக்ஸ்ரே படம் உள்ள கெடந்து தகரம் மாதிரி தடதடங்குது. பென்ஷன் ஆபீஸ்ல இடுப்பு எலும்பையா கேக்காவ?"

பையைத் தரையில் வைத்தேன்.

"நானும் வாரேன். படியில நீங்க என் கையப் பிடிச்சுக்கிடுங்க. பாக்கிறவங்க நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போறதா நெனப்பாவ."

நிபுணர் ஒரு பெண். டாக்டர் ஷம்ஷாத். நாற்பது வயதிருக்கும். தாளைப் பார்த்துப் புருவம் தூக்கினார்.

"இது என்ன சார், எட்டுல அஞ்சு, எட்டுல ஆறு?"

மேகம் பற்றி விளக்கினேன். சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வானத்தைக் கொண்டு வந்ததில்ல" என்றார். கேலியாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. தாளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தார்.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. நடக்கச் சொன்னார். நடந்தேன். பிறகு படுக்கவைத்து, முதுகைத் தொடாமல், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்துக்கு வெளியே இருந்த செவிலி எட்டிப் பார்த்தார். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வெயில் எவ்ளோ நேரம் சார்?" என்று கேட்டார்.

இது எனக்குத் தெரிந்த பாடம். "ஜனவரியில நம்ம ஊருக்குச் சராசரியா எட்டு மணி நேரம் டாக்டர். நான் இருந்தப்போ கண்ணாடிக் கோளம் வச்சு அளப்போம். கோளத்துக்குப் பின்னால ஒரு அட்டை. வெயில் பட்ட நேரமெல்லாம் அட்டை கருகிக் கோடு விழும். சாயங்காலம் கோட்ட அளந்து..."

"ஊருக்கு இல்ல சார். உங்களுக்கு."

யோசித்தேன். "பதிவு இல்லை" என்றேன்.

"பூஜ்யம், டாக்டர்," என்றாள் கோமு. "கடை கண்ணிக்குப் போறதுகூட விளக்கு வச்ச பொறவுதான். ரெண்டு வருசமா."

பிறகு அவளே பேசினாள். "இவுக நாற்காலியில இருந்து எந்திரிக்க மூணு மூச்சு விடுவாவ. படி பத்தொம்பது. ஏழுல ஒரு தடவ நிப்பாவ, பதிமூணுல ஒரு தடவ. முன்ன நேரா ஊனின காலு இப்பம் வாத்து மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விழுது. செருப்புச் சத்தத்துலயே தெரியும். படுக்கையில திரும்பணும்னா கட்டில் சட்டத்தப் பிடிச்சு இழுப்பாவ. நான் தூங்குறதா நெனச்சுப் பல்லக் கடிச்சுக்கிடுவாவ."

இவற்றில் ஒன்றுகூட என் தாளில் இல்லை. இருபத்து மூன்று நாட்களில் நான் எட்டரைக்கும் ஐந்தரைக்கும் மட்டுமே பார்த்திருக்கிறேன். டாக்டர் என் தாளை மூடிவிட்டு, அவள் சொல்வதை எழுதிக்கொண்டார்.

பதினான்கு கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. முதல் கேள்வியை அவள் இருக்கும்போது எப்படிக் கேட்பது? அவளே கேட்டாள்.

"இவுக அண்ணனுக்கு எலும்புல புத்து. இவுகளும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்காவ. அது இருக்கா இல்லியான்னு சொல்லிருங்க டாக்டர். நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிடுதோம்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "அதையும் பாக்கத்தான் வேணும்மா. ரத்தம் எடுப்போம், புதுசா எக்ஸ்ரே எடுப்போம். எனக்குத் தோணுறது வேற ஒண்ணு. ஆனா பாக்காம சொல்ல மாட்டேன். அடுத்த புதன் வாங்க."

ஆட்டோவில் அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் ஓட்டுநரிடம்: "பைய போங்க, பள்ளத்துல எறக்கிராதிய."

ஆக, நேற்று வரை அவளுக்குத் தெரியாமல் இருந்தது இன்று அந்தப் பையால் தெரிந்துவிட்டது. ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஜனவரி 27 வரை' என்று சேர்த்திருக்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

இடுப்பு ஆறு. ரத்தம் எடுத்த கையில் நீலம் பாரித்திருக்கிறது.

ஜனவரி 31, சனி

எதுவும் எழுதத் தோன்றவில்லை. திரைகள் சரியாக உள்ளன.

பிப்ரவரி 1, ஞாயிறு

எஸ்தர் டீச்சர் மீன்குழம்பு கொண்டுவந்து, நாங்கள் சைவம் என்பது நினைவுக்கு வந்து, திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பத்து ஆண்டுகளாகக் கீழ்வீட்டில் இருப்பவர். அவருக்கும் பதற்றம்போல.

பிப்ரவரி 3, செவ்வாய்

சொட்டு மருந்து விடும் நேரங்கள், மாத்திரைகளின் பெயர், எரிவாயு எண், வடிவின் எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி முடித்தேன். எழுதி முடித்த பிறகுதான் அவளால் அதைப் படிக்க முடியாது என்பது உறைத்தது. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

அது இல்லை.

மறுபடியும் எழுதுகிறேன். அண்ணனுக்கு வந்தது எனக்கு இல்லை.

டாக்டர் முதலில் அதைத்தான் சொன்னார். உட்காரச் சொல்லும் முன்பே. கோமுவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நாடி பார்க்கிறாளோ என்று நினைத்தேன். அவளுடைய நாடிதான் துடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு இருப்பது எலும்பு மெதுவாகும் நோய். "எலும்பு இருக்கு சார், சிமெண்டு இறுகல. அதான் முதுகு மட்டும் இல்ல, அழுத்துற எடமெல்லாம் வலிக்குது. தேய்மானம்னு நெனச்சுப் பட்ட கட்டினா சரியாவாது." ரத்தத்தில் டி வைட்டமின் அறவே இல்லை என்று சொல்லிவிடலாம். வாரம் ஒருமுறை பாலில் கலக்கும் பொடி, தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை, பிறகு வெயில். காலை பத்து மணிக்கு மேல், கை கால் படும்படி, முதலில் கால் மணி நேரம்.

"சரியாகுமா?" என்றேன்.

"மாசக்கணக்குல ஆகும். ஆனா ஆகும். எலும்பு திரும்ப இறுகும், அந்த வகைதான் இது."

முப்பத்தொரு ஆண்டுகள் ஊருக்கு வெயில் அளந்தவனுக்கு வெயில் போதவில்லை. டாக்டர் இதைச் சொல்லவில்லை. எஸ்தர் டீச்சர் சொன்னார். கீழே நின்று, தெருவுக்கே கேட்கும்படி.

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைய பதிவு நீளும்.

மொட்டை மாடிக்கு ஏறுவது இப்போது முடியாத காரியம். கால் மணி நேரம் மாடி முகப்பில் நின்றால் போதும். ஆனால் கதவைத் திறந்தால் கூடத்தில் வெளிச்சம் வரும். கோமுவைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்து, அவளிடம் சொன்னேன்.

"என்னை எதுக்கு உள்ள போட்டு அடைக்கிய?"

"உன் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதுல்லா."

"யாரு சொன்னா?"

கண் மருத்துவமனைக் கோப்பை எடுத்தேன். அறுவைக்குப் பின் கொடுத்த சீட்டு. அதை வாசித்துக் காட்டினேன்: பிரகாசமான வெளிச்சத்தைத் தவிர்க்கவும்.

"என்னைக்கு வரைக்கும்?"

மறுபடி பார்த்தேன். முடிவுத் தேதி இல்லை. நிறுத்தச் சொல்லி வேறு சீட்டும் இல்லை. நோக்ககத்தில் ஓர் உத்தரவுக்கு முடிவுத் தேதி இல்லையென்றால், அடுத்த உத்தரவு வரும்வரை அது நடப்பில் இருக்கும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். திரைகள் வாங்கினேன். ஊக்கு குத்தினேன். இரண்டு ஆண்டுகள்.

கோமு கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஆறு வாரத்துலயே அது முடிஞ்சு போச்சு. போன வருசம் நீங்க மருந்து வாங்க வரிசையில நிக்கும்போது கண் டாக்டர்ட்ட நானே கேட்டேன். ஒண்ணும் செய்யாது, தாராளமா வெளிச்சத்துல இருங்கன்னாவ."

"பிறகு ஏன் சொல்லல?"

"உங்களுக்கு வெளிச்சம் பிடிக்கலன்னு நெனச்சேன். வாழ்நாள் பூரா வெயில அளந்தாச்சு, இனி போதும்னு மூடிப்போட்டிருக்காவன்னு. நான் வேற எதுக்குக் கேட்டுச் சங்கடப்படுத்தணும்னு இருந்தேன்."

நான் அவளுக்காக இருட்டில் இருந்திருக்கிறேன். அவள் எனக்காக.

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் எழுத வேண்டும். நான் வெளியே போகாததற்குச் சீட்டு மட்டும் காரணம் அல்ல. அறுவை முடிந்து மூன்றாம் மாதம், காலையில் பழைய நண்பர்களோடு மைதானத்தில் நடக்கப் போனேன். எப்போதும் போவதுதான். அன்று பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது கோமு குளியலறையில் விழுந்து கிடந்தாள். ஒரு மணி நாற்பது நிமிடம் கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து நான் நடக்கப் போகவில்லை. விளக்கு வைத்த பிறகு, டீச்சர் மேலே வந்து அவளோடு இருக்கும் பதினைந்து நிமிடத்தில் கடைக்குப் போய் வருவேன்.

இதை இன்று அவளிடம் சொன்னேன்.

"விழுந்தது நான்," என்றாள் கோமு. "படுத்துக்கிட்டது நீங்க."

பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், கிழக்குத் திரையைப் பிடித்து இழுத்தாள். ஊக்குகள் தெறித்தன. பதினோரு ஊக்குகள், பிறகு பொறுக்கி எண்ணினேன்.

"கண்ணு தெரியாதவ வீட்டுக்கு இம்புட்டு ஊக்கா?" என்றாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

10.05 முதல் 10.20 வரை மாடி முகப்பு. இருவரும். வானத்தில் மேகம் எட்டில் ஒன்று. இடுப்பு ஆறு.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டாவது பொடி. பாலில் கரையவில்லை, கோமு கலக்கினாள், கரைந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

இடுப்பு ஆறு. விலா நான்கு. ஒரு மாற்றமும் இல்லை. டாக்டர் தவறாகப் பார்த்திருக்கலாம். அல்லது நான் தவறாக வலிக்கிறேனோ என்னவோ. டீச்சரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, விதை போட்ட அன்னைக்கே தோண்டிப் பாக்கியளே" என்றார். அவர் முகப்புக்குக் கீழே நின்று, "கைய நீட்டுங்க! கால நீட்டுங்க! சட்டக் கைய மடக்குங்க!" என்று உத்தரவு போடுகிறார். தெருவில் போகிறவர்களும் கையை மடக்கிக்கொள்கிறார்கள்.

மார்ச் 2, திங்கள்

விலா இரண்டு. இருமிப் பார்த்தேன். மறுபடியும் இருமிப் பார்த்தேன். இரண்டுதான்.

மார்ச் 3, செவ்வாய்

விலா மூன்று. நேற்று அதிகம் இருமிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

படுக்கையில் கட்டில் சட்டத்தைப் பிடிக்காமல் திரும்பினேன். எனக்கே நம்பிக்கையில்லாமல் மறுபக்கமும் திரும்பினேன். "ஒரு பக்கமாப் படுங்க, கட்டில் ஒடஞ்சிராம" என்றாள் கோமு. குரலில் தூக்கமே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

படி: ஏழில் நிற்கவில்லை. பதிமூன்றில் நின்றேன், வலியால் அல்ல, ஏழில் நிற்காதது நினைவுக்கு வந்து.

இன்று காலை கோமுவை டீச்சரோடு விட்டுவிட்டு, பகல் பத்தரைக்கு, தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போனேன். டீச்சரும் நானும் தனித்தனியாக மணி பார்த்திருக்கிறோம்; கோமு டீச்சரிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இருபத்தாறு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அதற்குள் ரசம் வைத்திருந்தாள்.

ஏப்ரல் 8, புதன்

மறு பரிசோதனை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன். இரண்டாம் முயற்சியில்தான், ஆனாலும் எழுந்தேன். டாக்டர் முன்னெலும்பை அழுத்தினார். வலித்தது, சத்தம் போடவில்லை. ரத்தத்தில் சத்து ஏறியிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் ஆகலாம், விட்டுவிடக் கூடாது என்றார்.

"இன்னைக்கு வானம் எப்படி சார்?" என்று கேட்டார்.

"எட்டில் இரண்டு, டாக்டர். பெரும்பாலும் தெளிவு."

ஏப்ரல் 9, வியாழன்

காலை 10.10. மாடி முகப்பில் நான் கம்பியைப் பிடிக்காமல் நின்றேன். கோமு கூடத்தில், சாப்பாட்டு மேசை நாற்காலியில் இருந்தாள். திரை இல்லாததால் வெளிச்சம் அவள் கால் வரை வந்திருந்தது.

"நீங்க நிக்கது தெரியுது," என்றாள்.

திரும்பினேன்.

"மூஞ்சி தெரியல. வெள்ளையா இருக்கு, அதுக்கு நடுவுல கறுப்பா நீங்க. இன்னும் கொஞ்சம் நிமிருங்க. ம். போன மாசம் கேள்விக்குறி மாதிரி நின்னிய."

ஒரு மாதமாக அவள் அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

நிமிர்ந்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் சொன்னாள்: "இன்னைக்குப் பேப்பர் வேண்டாம். அந்த மளிகைச் சீட்ட வாசிங்க."

"எந்தச் சீட்டு?"

"மூணு மாசமா எழுதுதியள்லா. அது."

மறுக்க எனக்குத் தெம்பு இல்லை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஐந்தாம் எண் வந்தபோது குரல் இறங்கிவிட்டது. ஆறாம் எண்ணை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன்.

"ஆறுன்னு ஒண்ணு இருக்கணுமே. மூச்ச இழுத்தியளே."

வாசித்தேன். சேர்த்திருந்த 'ஜனவரி 27 வரை'யையும் வாசித்தேன்.

கோமு சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போன ஆடியில இருந்தே எனக்குத் தெரியும். கரையான் மருந்துல யாரு கற்பூரம் கலப்பா? முனங்குறது அலமாரியா நீங்களான்னு தெரியாமலா கூடக் குடும்பம் நடத்துதேன்? அரிசி டின்ன எதுக்கு மேல வச்சேன்? இந்த நாற்காலிய எதுக்குச் சொன்னேன்? வெங்கல வாசம் எனக்கு ஆகாதா! எங்கம்மா குடுத்த பானை அது. அடுத்த பொங்கலுக்கு நீங்களே எறக்கணும், சொல்லிட்டேன்."

"ஏன் கேட்கல?"

"நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். பைக்குள்ள எக்ஸ்ரே தடதடத்த அன்னைக்கு இனி காத்திருக்கக் கூடாதுன்னு செருப்ப மாட்டிட்டேன்."

பிறகு, "அந்த ஆறாவத அடிச்சிருங்க" என்றாள்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் 'கு.' என்று என் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று விளக்கினேன். அப்படியென்றால் அந்தக் கோட்டை அவளே இழுக்க வேண்டுமாம். பேனாவை அவள் கையில் கொடுத்து, வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தேன். கோடு கொஞ்சம் சாய்ந்து ஐந்தாம் எண்ணின்மேலும் ஏறிவிட்டது. இருக்கட்டும்.

ஆறாம் எண் தவறு. கோமுவுக்கு முதலிலிருந்தே தெரியும். — கு.